முப்பத்திரண்டாவது மூடி

லோம் ஊரில் நேற்று முதல் உறைபனி.
செடியில் மிச்சமிருந்த பச்சைத் தக்காளிகளை
இருட்டில், கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு
பறித்து முடித்தேன்.
அவ்வளவுதான். தோட்டத்துக்கும் எனக்கும்
இனி மார்ச் வரை பேச்சில்லை.

முற்றத்தில் இரும்புப் பீப்பாய் இன்னும் சுடுகிறது.
பக்கத்து வீட்டு ஸ்தாமெனுடையது.
வாடகை இரண்டு ஜாடி.
ஆகஸ்டிலிருந்து வேலிக்கு அப்பாலும் இப்பாலும்
அது உருண்டுகொண்டே இருந்ததில்
அவருடைய பூசணிக்கொடி ஒன்று நசுங்கியது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நானாக மூன்றாவது ஜாடியைச் சேர்த்தேன்.

சிவப்பு மிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து,
தக்காளியோடு ஐந்து மணிநேரம் கிண்டவேண்டும்.
கரண்டி போன தடத்தில்
சட்டியின் அடி ஒரு நொடி தெரிந்தால் பதம்.
அதற்குள் முழங்கையில் மூன்று பொட்டு,
ஒன்று கொப்புளம்.
தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் என் கையை
மோந்து பார்க்காத குறையாக
வரிசையில் நிற்பவர் கேட்கிறார்:
"உங்கள் வீட்டிலும் ல்யூட்டெனித்ஸாவா?"

விவாகரத்தில் க்ராசிமிர் காரை எடுத்துக்கொண்டான்.
நான் ஜாடிகளைக் கேட்டேன்.
வக்கீல் சிரித்தார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்:
இருநூற்றுப் பதினான்கு, மூடி நீங்கலாக.
கார் போன வருஷம் விடின் சாலையில்
நின்றுவிட்டதாகக் கேள்வி.
ஜாடிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சமையலறை மேசையில், பழைய போர்வை மேல்
கடைசி முப்பத்திரண்டு.
ஆற ஆற மூடி உள்ளே இழுக்கும்;
அப்போது ஒரு சத்தம்.
விரல் சொடுக்குவதுபோல,
இல்லை, அதைவிடச் சின்னது.
கதை கேட்கிறவர்கள் நடுவில்
"உம்" கொட்டுவார்களே, அது.

விளக்கணைத்துப் படுத்தபடி எண்ணுகிறேன்.
ஒன்பது.
பத்தும் பதினொன்றும் சேர்ந்தாற்போல்.
டான்யூபில் ஏதோ சரக்குப் படகு ஊதியது,
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
இருபத்தாறுக்குப் பிறகு கொஞ்சம் சந்தேகம்,
கண்ணயர்ந்திருப்பேன்.
முப்பத்தொன்று.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

எழுந்துபோய் ஒவ்வொரு மூடியாக அழுத்தினேன்.
எல்லாம் கல்.
ஜன்னலோரத்தது மட்டும் விரலுக்கடியில்
தவளைத் தொண்டை மாதிரி துள்ளியது.
விளிம்பில் நகக்கீறல் அளவு சில்லு போயிருக்கிறது.
மணி ஒன்றேகால்.

வேறு ஜாடிக்கு மாற்றி மறுபடி கொதிக்கவைக்கலாம்.
பீப்பாயடியில் கங்கு இருக்கிறது.
வைக்கவில்லை.
ரொட்டியை அறுத்தேன், வெள்ளைப் பாலாடைக்கட்டி,
மேலே இரண்டு விரல் கனத்துக்கு அந்தச் சிவப்பு.

வாயில் வைத்த பிறகுதான் உறைத்தது,
இந்த வருஷத்ததை நான் இன்னும் சாப்பிடவே இல்லை.
உப்புக்கு நுனிநாக்கில் தொட்டதோடு சரி.
மூன்று மாதமாக ஜனவரியில் இருக்கும் ஒருத்திக்கே
சமைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.
அவளுக்குப் பசிக்கும் என்பதில்தான்
எத்தனை நிச்சயம் எனக்கு!
அடுப்படியில் நின்றவளை
சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உப்பு ஒரு கல் கம்மி.
முப்பத்தொன்றிலும் அப்படித்தான் இருக்கும்;
இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

இன்னொரு துண்டு அறுத்தேன்.
பிறகு இன்னொன்று.
ஸ்தாமென் வீட்டிலும் விளக்கு எரிகிறது,
முட்டைக்கோஸ் ஊறும் தொட்டியில்
உப்புநீரைக் கலக்கிவிடுகிறார் போலும்.
கூப்பிடலாமா என்று யோசித்து
ஜாடியைப் பார்த்தேன். பாதிதான் இருந்தது.
கூப்பிடவில்லை.

அடி தெரியும்வரை துடைத்துத் தின்று
கழுவிக் கவிழ்த்தேன்.
சில்லு போனது இனி மூடிக்கு ஆகாது.
வக்கீலிடம் எழுதிக்கொடுத்த கணக்கில்
ஒன்றைக் கழிக்க வேண்டும்.
நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்,
கையெல்லாம் எண்ணெய்.